பாதியில் நின்ற கவிதை: கல்முனைக் கரையில் ஒரு மாணவர் கவிதைப் பட்டறை

2023ஆம் ஆண்டு கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதங்களில், கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகள் இரண்டின் பிள்ளைகளைச் சேர்த்து எட்டுச் சனிக்கிழமைகள் ஒரு கவிதைப் பட்டறை நடத்தினோம். ஒன்று தமிழ்ப் பாடசாலை, மற்றது முஸ்லிம் பாடசாலை. தரம் 10 முதல் 12 வரை படிக்கும் 19 பேர் வந்தார்கள். ஒன்பதாவது சனிக்கிழமை மாலை அரங்கேற்றம். அந்த அரங்கேற்றத்தில் 16 வயது மாணவி ஒருத்தி தன் கவிதையை ஆறு வரி சொன்னாள். ஏழாவது வரிக்கு வாய் திறந்தாள். சொல் வரவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

பட்டறை நன்றாக நடந்தது. பிள்ளைகள் எழுதியவை என்னை இன்றைக்கும் உலுக்குகின்றன. ஆனாலும் இந்த ஆய்வில் பெரும்பகுதி அந்த ஏழாவது வரியைப் பற்றித்தான் இருக்கும். இதுபோன்ற வேலையில் இறங்கும் ஆசிரியர்களுக்கு எங்கள் பட்டறையிலிருந்து ஏதாவது பயன் கிடைக்குமென்றால், அது அங்கேதான் இருக்கிறது. அந்த மாணவியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு இடங்களில் திருத்தினாள்.

தொடக்கம்

நடத்தியவர்கள் இருவர். நான் தமிழ் ஆசிரியன். கூட வந்தவர் நாடகப் பயிற்சி பெற்ற ஒரு தோழி. மட்டக்களப்பிலிருந்து ஒவ்வொரு சனியும் பஸ்ஸில் வருவார். திட்டம் போட்டது 2022இல். எரிபொருள் வரிசையில் நாடே நின்ற வருடம் அது. பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதே பெரும் பாடாக இருந்தபோது பட்டறையை நினைக்க முடியவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போட்டோம்.

நேரம் ஒதுக்கவே இரண்டு வாரம் போனது. வெள்ளி நண்பகலில் ஜும்மா. ஞாயிறு காலை ஒரு பக்கம் அறநெறிப் பாடசாலை, மறுபக்கம் அஹதிய்யா என்னும் இஸ்லாமிய சமயப் பாடசாலை. சனி காலையை ரியூசன் வகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு பாடசாலைகளின் தவணை விடுமுறைகளும் எப்போதும் ஒரே நாட்களில் விழுவதில்லை. கடைசியில் இரு தரப்புக்கும் பொதுவாக மிஞ்சியது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஒரு பொது மண்டபத்தை இரவல் வாங்கினோம். செலவு என்று பார்த்தால் போட்டோக் கொப்பியும் பிளேன்டீயும் மாலுபாணும்தான்.

முதல் நாள் நாங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபது நிமிடம் தந்து, விரும்பியதைப் பற்றி ஒரு கவிதை எழுதச் சொன்னோம். வந்தவை எல்லாம் ஒரே கையால் எழுதியவை போல இருந்தன. அன்னையே, நிலவே, கல்வியே, சமாதானமே. ஒரு பையனின் தகப்பன் கரைவலைக்குப் போகிறவர். அவன் ‘கடலன்னையே, உன் நீல மடியில்’ என்று தொடங்கியிருந்தான். உங்கள் வீட்டில் யாராவது கடலைக் கடலன்னை என்று கூப்பிடுவார்களா என்று கேட்டேன். ‘இல்ல சேர். இண்டைக்குக் கடல் சரியில்ல எண்டுதான் வாப்பா சொல்லுவாரு’ என்றான். ‘அதை ஏன் எழுதவில்லை?’ என்றேன். ‘அது கவிதையா சேர்?’

இந்தக் கேள்விக்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் கவிதையைச் சந்திக்கும் பெரிய வாசல் தமிழ் மொழித்தினப் போட்டி. பாடசாலை மட்டத்தில் வென்று, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப் போக வேண்டும். பாவோதலும் (பாடலை இராகத்தோடு ஓதுவது) கவிதை ஆக்கமும் பேச்சும் அதில் உண்டு. அந்தப் போட்டி பல பிள்ளைகளைக் கூச்சத்திலிருந்து வெளியே இழுத்து வந்திருக்கிறது. நானே பல வருடம் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். ஆனால் நடுவருக்குப் பிடிக்கும் சொற்கள் எவை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது, ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்கும் போய்விடுகிறது. பத்து வருடத்தில் அந்தப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சைக் கவிதைக்கு ஆகாத பேச்சு என்று நம்பிவிடுகிறது.

இது எந்த மண்ணில் நடக்கிறது என்று யோசித்தால் மனம் பொறுக்காது. ஏ4 வீதியில் பெரியநீலாவணையில் பஸ் ஏறித் தெற்கே வாருங்கள். பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்த நீலாவணன் (1931–1975) பிறந்த ஊர் அது. கல்முனையில் சோலைக்கிளி. கல்முனைக்குடியில் எம். ஏ. நுஃமான். சாய்ந்தமருதில் அனார். காரைதீவில் இறங்கினால் 1892இல் விபுலானந்தர் பிறந்த மண். அரை மணித்தியாலப் பயணத்துக்குள் இத்தனை கவிஞர்கள். பிள்ளைகள் தினமும் இதே பஸ்ஸில்தான் ரியூசனுக்குப் போய் வருகிறார்கள். இந்தப் பெயர்களை அவர்கள் தங்கள் ஊரோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததேயில்லை.

பெத்தாவிடம் ஒரு வரி

இரண்டாம் வாரம் ஒரு வீட்டு வேலை கொடுத்தோம். வீட்டிலோ அயலிலோ உள்ள வயதான பெண் ஒருவரிடம் போய், அவர் வாயிலிருந்து ஒரு வரி வாங்கி வர வேண்டும். தாலாட்டு, கவி, ஒப்பாரி, நொடி என்னும் விடுகதை, திட்டு, எதுவானாலும் சரி. எழுதிக்கொண்டு வரக்கூடாது. காதில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் அப்படியே சொல்ல வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை மண்டபம் வேறு மாதிரி இருந்தது. ஒரு தமிழ் மாணவி தன் பெத்தா (பாட்டி) நெற்சூடு மிதிக்கிற களத்தில் கேட்ட பொலிப்பாட்டின் ஓசையைக் கொண்டு வந்தாள். சொற்கள் பாதி மறந்துவிட்டன, இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு முஸ்லிம் மாணவனின் மூத்தம்மா முதலில் ‘அதெல்லாம் இப்ப ஆரு கேக்கா’ என்று விரட்டியிருக்கிறார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே கூப்பிட்டு நாலு கவி சொல்லியிருக்கிறார். ஆணும் பெண்ணும் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும் காதல் கவி அவை. அவன் சொல்லி முடித்ததும், ‘இது எங்கட பெத்தாவும் சொல்லுவா, கொஞ்சம் வேற மாதிரி’ என்று மறுபக்கத்திலிருந்து ஒரு பெட்டை எழும்பினாள். மண்டபத்தில் இரண்டு பாடசாலைச் சீருடைகளும் கலந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதுவரை நடுவில் ஒரு வரிசைக் கதிரை காலியாகவே கிடந்தது. நாங்களும் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தோம்.

மட்டக்களப்புக் கவியின் கட்டமைப்பைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். முன்பாதியில் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் வரும்: வயல், காற்று, தோணி, மரம். பின்பாதியில் மனதுக்குள் கிடப்பது வரும். இரண்டுக்கும் நடுவில் ‘போல’ என்ற சொல் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். இதற்கு மேல் இலக்கணம் எதுவும் நாங்கள் சொல்லவில்லை. கரைவலைக்காரரின் மகன் அடுத்த வாரம் கொண்டு வந்தது இது:

வாப்பாட பாடு கடலோட,
உம்மாட பாடு கடனோட,
என்னப் பாடச் சொன்னா
எந்தப் பாட நான் பாட?

கரையில் வலை இழுக்கும் உரிமையுள்ள இடத்துக்குப் பாடு என்று பெயர். படும் துன்பமும் பாடு. இரண்டும் ஒரே சொல் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு பொருளிலும் கேட்டு வளர்ந்தவன். இதை அவன் சொன்னபோது என் தோழி கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

மருதமுனைப் பக்கத்து நெசவாளி ஒருவரின் மகள் தறியின் தாளத்தையே எடுத்துக்கொண்டாள்.

மிதிச்சா ஒரு சத்தம், இழுத்தா ஒரு சத்தம்,
வாப்பா வாய் திறக்காத நாளெல்லாம்
தறிதான் எங்களோட கதைக்கும்.

பஞ்சை நூலாக நூற்பதையும் சொல்லால் நூல் இயற்றுவதையும் பவணந்தி முனிவர் தன் நன்னூல் இலக்கணத்தில் ஒப்பிடுகிறார் என்று அன்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ‘அவருக்கும் தறி தெரிஞ்சிருக்கும் போல’ என்றாள்.

மூச்சும் ஒலிவாங்கியும்

ஐந்தாம் வாரத்திலிருந்து சொல்லிப் பழகினோம். பாவோதலில் பழகிய பிள்ளைகளின் பெரிய சிக்கல், எல்லாவற்றையும் ஒரே இராகத்தில் இழுப்பது. ‘தறிதான் எங்களோட கதைக்கும்’ என்ற வரியை இராகத்தில் இழுத்தால் தறியும் போய்விடும், வாப்பாவும் போய்விடுவார். தோழி ஒரு வழி வைத்திருந்தார். கவிதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு செய்தி போலச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல வராத இடம்தான் சரியாகச் சொல்லப்படாத இடம். பிறகு, எங்கே மூச்சு எடுக்கிறோம் என்று பென்சிலால் கோடு போடுவது. யாப்பில் சீர் பிரியும் இடத்தில் எல்லாம் மூச்சு பிரிய வேண்டியதில்லை என்பது பல பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது.

ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். அலைச் சத்தத்துக்கு மேலே கத்தாமல் கேட்கும்படி சொல்ல வேண்டும். கத்தினால் சொல் உடையும். உயிரெழுத்தை நீட்டி, மெய்யை அழுத்தினால் இருபது அடிக்கும் போகும். ஒலிவாங்கியின் கதை நேர்மாறு. வாயிலிருந்து ஒரு கைமுட்டி தூரம் வைத்தால் ‘ப’ வெடிக்காது. அதை நேரே பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சின்ன விஷயங்கள்தான். முதல் சொல்லிலேயே ஒலிபெருக்கி ‘டப்’ என்று அடித்தால் பதினைந்து வயதுப் பிள்ளை அங்கேயே உடைந்துபோகும்.

சிகாகோவில் 1980களின் நடுவில் தொடங்கி உலகெங்கும் பரவிய ஸ்லாம் என்னும் கவிதைப் போட்டியைப் பற்றி நானும் தோழியும் பேசினோம். அங்கே சபையிலிருந்தே ஐந்து நடுவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள், பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். புள்ளியை விட்டுவிட்டோம். புள்ளி வாங்குவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேறு இடங்கள் தாராளமாக இருக்கின்றன.

இந்த வாரங்களில்தான் நெசவாளியின் மகள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். வீட்டில் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்களும் இருக்கும் சபையில் ஒலிவாங்கி பிடிப்பது அவளுடைய வாப்பாவுக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கே முழு விருப்பம் இருந்ததா என்று கேட்டேன். ‘பாதி’ என்றாள். அரங்கேற்றத்துக்கு முந்திய நாள் பிற்பகலில், பட்டறைப் பெட்டைகளும் சில தாய்மாரும் மட்டும் வட்டமாக உட்கார, அவள் வாசிப்பதாக முடிவானது. அவளுடைய உம்மா வந்தார். என் தோழி மட்டும் உள்ளே போனார், நான் வெளியே நின்றேன். வாசித்து முடித்ததும் உம்மா எதுவுமே பேசவில்லையாம். தன் கையால் மகளுக்கு ஒரு மாலுபாணைப் பிய்த்து ஊட்டியிருக்கிறார்.

அதை நாங்கள் ஒரு விதிவிலக்காகவே எடுத்துக்கொண்டோம். பாவம், மேடை கிடைக்காத பிள்ளைக்கு எங்களால் முடிந்த ஏற்பாடு என்று நினைத்தோம். எங்கள் பிழை தொடங்கியது இந்த நினைப்பில்.

அந்த மாலை

கவிதையைப் பாதியில் நிறுத்திய மாணவியின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போனவர், நடுவில் ஒரு தடவை வந்து திரும்பியிருக்கிறார். பிள்ளை பெத்தாவோடு இருக்கிறாள். முதல் நாள் அவள் எழுதியது ‘அன்னையின் அன்புக்கு ஈடில்லை’. நாலாம் வாரம் கொப்பியை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றாள். மேடையில் அவள் சொன்ன ஆறு வரியை மட்டும் இங்கே தருகிறேன்.

எங்கட வீட்டு மணிக்கூடும் அம்மாட மணிக்கூடும்
ரெண்டரை மணித்தியாலம் தள்ளி.
நான் அழுது முடிச்சுப் படுக்கக்குள்ள
அம்மாக்கு இப்பதான் பொழுது படுகுது.
விடிஞ்சு நான் முகம் கழுவக்குள்ள
அம்மாக்கு இன்னும் விடியல்ல.

முழுக் கவிதையையும் வாசித்த அன்றே நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம்: அரங்கேற்றத்தின் கடைசிக் கவிதை இதுதான். அவளிடம் சொன்னோம். தலையை ஆட்டினாள். ஒரு 16 வயதுப் பிள்ளை, தன்னைப் பாராட்டும் இரண்டு ஆசிரியர்களுக்கு முன்னால் வேறு என்ன செய்யும்? அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஒத்திகையில் அழகாகச் சொன்னாள். மூச்சுக் கோடு எல்லாம் சரி. சபையில் யார் இருப்பார்கள் என்று அவளோடு உட்கார்ந்து ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. கரைவலைக்காரரின் மகனுக்கு விசில் பறந்தது. அந்தி மயங்கும் நேரம் அவள் மேடைக்கு வந்தாள். முன்வரிசையில் பெத்தா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர். ஐந்தாறு கைபேசிகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்றில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது பிறகுதான் தெரியும், அவளுக்கு அப்போதே தெரியும், பிடித்துக்கொண்டிருந்தது சித்தி. ஆறு வரி சொன்னாள். நின்றாள். மறந்துவிட்டாளாக்கும் என்று சபை கைதட்டி ஊக்கம் கொடுத்தது. ஓரத்திலிருந்து நானே ஏழாவது வரியை மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. ஒலிவாங்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

சபையில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ‘அருமையான முடிவு’ என்று ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார்.

அடுத்த வாரம் முழுவதும் அவள் பாடசாலைக்கு வரவில்லை. தோழி அவள் வீட்டுக்குப் போனார். அவள் சொன்னதைத் தோழி எனக்கு அப்படியே சொன்னார். ‘மறக்கல்ல மிஸ். அம்மா பாத்துட்டிருக்கா எண்ட நினைப்பு வந்துட்டு. நான் அழுறது அம்மாக்குத் தெரியாது. போன்ல நான் ஒரு நாளும் அழுததில்ல.’

மூன்றாம் வரியில் அது வெளியே வந்துவிட்டது. ஆறாம் வரியில்தான் தன் வாயால் சொன்னது அவளுக்கு உறைத்திருக்கிறது. ஏழு வருடமாக அந்தப் பிள்ளை தாய்க்காகக் காத்து வந்த ஒரு மறைப்பு அது. கொப்பியில் இருந்தவரை அது கவிதை. எங்கள் அவசரத்தால் ஊரார் முன்னிலையில், தாயின் கண் முன்னால், அது ஒரு வாக்குமூலமாகிவிட்டது. நாங்கள் வரிகளைப் பார்த்தோம். வரிகள் யாரிடம் போய்ச் சேரும் என்று பார்க்கவில்லை.

நேரலையைச் சித்தி அழித்துவிட்டார். அதற்குள் சிலர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். தாய் அன்று இரவே அழைத்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாற்றியவை

2024இல் இரண்டாம் பட்டறை தொடங்குமுன் நானும் தோழியும் ஒரு முழு நாள் இதைப் பற்றியே பேசினோம். நெசவாளியின் மகளுக்காகச் செய்த ஏற்பாடுதான் எங்கள் எல்லா ஏற்பாடுகளிலும் சரியானது என்பது அப்போது புரிந்தது. அவள் ஒருத்திக்கு மட்டும்தான் நாங்கள் கேள்வி கேட்டிருக்கிறோம்: யார் முன்னால் வாசிக்க உனக்கு விருப்பம்? மற்ற 18 பேருக்கும் மேடை என்று நாங்களே எழுதி வைத்திருந்தோம்.

இப்போது ஒவ்வொரு கவிதையின் தலைப்பிலும் பிள்ளையே ஒரு சொல் எழுதும்: கொப்பி, வட்டம், மேடை. கொப்பி என்றால் ஆசிரியரும் படிக்கக்கூடாது. வட்டம் என்றால் அந்த மண்டபத்துக்குள் மட்டும், யார் யார் என்று பிள்ளையே பெயர் சொல்லலாம். எழுதிய சொல்லை எந்த நேரமும் மாற்றலாம், பெயர் கூப்பிட்ட பிறகும் மாற்றலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மேடை என்று எழுதியவர்களோடு ஒத்திகைக்கு முன்னால் உட்கார்ந்து, முன்வரிசையில் யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்க்கிறோம். சில பிள்ளைகள் அந்த இடத்திலேயே மேடையை வெட்டிவிட்டு வட்டம் என்று எழுதுகிறார்கள். ஒரு பையன் வட்டத்தை வெட்டி மேடை என்று எழுதினான். தன் தகப்பன் கேட்கத்தான் வேண்டும் என்றான்.

கைபேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னோம். பெற்றார் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். பிள்ளையின் படம் எடுக்க வேண்டுமென்றால் நிகழ்ச்சி முடிந்த பிறகு எடுக்கலாம். கடைசிக் கவிதை என்று எதையும் நாங்கள் பொறுக்குவதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். இரண்டு பாடசாலைகளிலிருந்தும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்களில் ஒருவரை முதல் வாரமே கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முகம் பழக்குகிறோம். கவிதையில் பெரிய துயரம் ஒன்று எழும்பினால் அதைத் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி எனக்கோ தோழிக்கோ இல்லை. அதை ஒத்துக்கொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆனது.

சபையின் கண்ணீரை இப்போது நான் கணக்கில் எடுப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து, அந்தப் பிள்ளை மறுபடி எதையாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அவள் இரண்டாம் பட்டறைக்கு வந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை, நெசவாளியின் மகள்தான் கூட்டி வந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் கேட்கும் ஆளாகி, வாரம் முழுக்கக் கவிதையைக் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டார்கள். மேடையில் அவள் பெத்தாவின் பாக்குவெட்டியைப் பற்றி ஒரு கவிதை சொன்னாள். சபை சிரித்தது. பெத்தா முன்வரிசையில் இருந்து ‘பொய் சொல்றா, நான் அவ்வளவு வெத்திலை தின்னல்ல’ என்று சத்தமாகச் சொன்னார்.

பழைய கவிதையின் மீதியைத் தாய் இரண்டு தடவை கேட்டிருக்கிறாராம். அந்தப் பக்கத்தின் மேல் அவள் கொப்பி என்று எழுதி வைத்திருக்கிறாள்.